இந்தப் புகை எந்த ஊர்ப் புகை?



ஒரு தெருவில் பத்து வீடு இருக்கிறது. ஒரு வீட்டில் ஈர விறகு வைத்து அடுப்பு மூட்டுகிறார்கள். புகை எழுகிறது. எந்த வீட்டுப் புகை என்று யாரும் தேட வேண்டியதில்லை. கூரையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஆனால் ஒரு நகரம் முழுவதும் புகை மூடினால்? கிழக்கிலும் புகை, மேற்கிலும் புகை. நாலு வீடு தள்ளி நிற்கும் மரம் தெரியவில்லை. அப்போது இது எந்த ஊர்ப் புகை என்று எப்படிச் சொல்வது?

நம் நாட்டின் தலைநகரமான டில்லியில் ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கேள்வி எழுகிறது. அக்டோபர் கடைசி வந்தால் அங்கே வானம் மங்கும். நவம்பரில் கண் எரியும், தொண்டை கரகரக்கும். குழந்தைகள் இரவெல்லாம் இருமுவார்கள். மூச்சிரைப்பு உள்ள முதியவர்களைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுவார்கள். சில நாட்களில் பள்ளிக்கூடங்களை மூடிவிடுவார்கள்.

"எல்லாம் பஞ்சாப் விவசாயி வைத்த தீ" என்று நகரத்தில் சிலர் சொல்வார்கள். "உங்கள் ஊர் வண்டிகளின் புகையை முதலில் பாருங்கள்" என்று விவசாயி சொல்வார்.

இருவரில் யார் சொல்வது சரி? தரையில் நின்று பார்த்தால் தெரியாது. உயரத்தில் இருந்து பார்க்க வேண்டும். அப்படிப் பார்ப்பதற்குத்தான் செயற்கைக்கோள் இருக்கிறது.

செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது?

செயற்கைக்கோள் என்பது மனிதர்கள் செய்து வானத்துக்கு அனுப்பிய கருவி. ராக்கெட் அதைக் கொண்டுபோய் விடுகிறது. பிறகு அது பூமியைச் சுற்றி வருகிறது. நம் நாட்டின் முதல் செயற்கைக்கோள் ஆரியபட்டா. அது 1975-ஆம் ஆண்டு விண்ணுக்குச் சென்றது.

புகையையும் தூசியையும் பார்க்க இரண்டு வகைச் செயற்கைக்கோள்கள் உதவுகின்றன.

முதல் வகை மிக உயரத்தில் இருக்கும். பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர். பூமி சுற்றும் வேகத்துக்கு ஏற்ப அதுவும் சுற்றும். அதனால் எப்போதும் ஒரே இடத்துக்கு மேலே நிற்பது போல இருக்கும். நம் நாட்டின் இன்சாட் வகைச் செயற்கைக்கோள்கள் இப்படிப்பட்டவை. இன்சாட்-3டி 2013-லும், இன்சாட்-3டிஆர் 2016-லும், இன்சாட்-3டிஎஸ் 2024-லும் அனுப்பப்பட்டன. இவை அரை மணிக்கு ஒரு படம் என்ற கணக்கில் நம் நாட்டைப் படம் எடுக்கக்கூடியவை. மேகம் நகர்வதும் புழுதி நகர்வதும் அந்தப் படங்களில் வரிசையாகத் தெரியும். ஆனால் மிகத் தொலைவில் இருப்பதால் சின்னத் தீ அதன் கண்ணில் சரியாகப் படாது.

இரண்டாம் வகை தாழ்வாகப் பறக்கும். 700, 800 கிலோமீட்டர் உயரத்தில் வடக்கு தெற்காகச் சுற்றும். அமெரிக்காவின் டெர்ரா 1999-லும், அக்குவா 2002-லும், சுவோமி 2011-லும் அனுப்பப்பட்டன. இந்த வகைக்குப் பார்வை கூர்மை. சுவோமியில் உள்ள கருவி நிலத்தை 375 மீட்டர் சதுரங்களாகப் பிரித்துத் தீயைத் தேடுகிறது. ஒரு சதுரம் ஏறக்குறைய 35 ஏக்கர். அந்தச் சதுரத்தின் ஒரு மூலையில் மட்டும் தீ எரிந்தாலும், சூடு போதுமான அளவு இருந்தால் அது கண்டுபிடித்துவிடும்.

ஆனால் இதற்கும் ஒரு குறை உண்டு. அது நிற்காது. காவலுக்கு வருபவர் போலக் குறிப்பிட்ட நேரத்தில் வந்து பார்த்துவிட்டுப் போய்விடும். சுவோமி ஓர் ஊருக்கு மேலே பகல் ஒன்றரை மணி அளவில் வரும். பிறகு இரவு ஒன்றரை மணி அளவில் வரும். இந்த நேரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது பெரிய விஷயமாக வரப்போகிறது.

தீயை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கொல்லன் பட்டறையைப் பார்த்திருப்பீர்கள். உலையில் வைத்த இரும்பு சிவப்பாக ஒளி விடும். வெளியே எடுத்து வைத்தால் சிறிது நேரத்தில் கறுத்துவிடும். ஆனால் கையை அருகில் கொண்டுபோனால் சூடு தெரியும். இரும்பிலிருந்து ஏதோ ஒன்று வருகிறது. கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

அதுதான் அகச்சிவப்புக் கதிர். சூடான எல்லாப் பொருள்களும் இந்தக் கதிரை வெளியே விடும். நம் கண்ணால் அதைப் பார்க்க முடியாது. செயற்கைக்கோளின் கருவியால் பார்க்க முடியும். சுற்றி உள்ள நிலத்தைவிட ஒரு சதுரம் மட்டும் அதிகச் சூடாகத் தெரிந்தால், அங்கே ஒரு சிவப்புப் புள்ளி வைக்கிறார்கள். அந்தப் புள்ளிதான் தீ.

புகையும் தூசியும் எப்படித் தெரிகின்றன?

புகை, தூசி, மேகம் மூன்றும் மேலிருந்து பார்த்தால் திரை போலத்தான் தெரியும். எது எது என்று பிரிப்பதற்கு வழி இருக்கிறது.

புகையின் துகள்கள் மிக மிகச் சிறியவை. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்குக்கு மைக்ரான் என்று பெயர். புகைத் துகள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. மண் தூசி அதைவிடப் பெரியது. சிறிய துகள் நீல ஒளியை அதிகமாகவும் சிவப்பு ஒளியைக் குறைவாகவும் சிதறடிக்கும். பெரிய துகள் எல்லா நிற ஒளியையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடிக்கும். இந்த வேறுபாட்டைக் கருவி அளந்து சொல்கிறது.

மேகத்தையும் தூசியையும் பிரிக்க அகச்சிவப்புக் கதிரே உதவுகிறது. நீரும் பனியும் கொண்ட மேகம் ஒரு விதமாக நடந்துகொள்ளும். மண் தூசி வேறு விதமாக நடந்துகொள்ளும். அளவைப் பார்த்தவுடன் அறிஞர்கள் இது மேகம், இது புழுதி என்று சொல்லிவிடுவார்கள்.

சரி, புகை தெரிந்தது. அது எங்கே போகும்? அதற்குக் காற்றைப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பஞ்சாபில் உள்ள லூதியானாவுக்கும் டில்லிக்கும் இடையே சுமார் 300 கிலோமீட்டர். காற்று வடமேற்கிலிருந்து மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். 300-ஐ 12-ஆல் வகுத்தால் 25. அதாவது இன்று மாலை கிளம்பிய புகை நாளை இரவுக்குள் டில்லி வந்துவிடும். படத்தில் சிவப்புப் புள்ளியையும், புகைத் திரையையும், காற்றின் திசையையும் சேர்த்துப் பார்த்தால் புகையின் பாதை தெரிகிறது.

விவசாயி ஏன் எரிக்கிறார்?

செயற்கைக்கோள் தீயைக் காட்டும். தீ ஏன் மூட்டப்பட்டது என்று காட்டாது. அதை விவசாயியிடம்தான் கேட்க வேண்டும்.

பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நிலத்தடி நீர் வேகமாகக் கீழே இறங்கியது. கோடை வெயிலில் நடவு செய்தால் தண்ணீர் அதிகம் செலவாகும். அதனால் 2009-ஆம் ஆண்டு அந்த மாநிலங்களில் சட்டம் வந்தது. பஞ்சாப் சட்டம் ஜூன் 10-க்கு முன் நாற்று நடக்கூடாது என்றது. பின்னர் அந்தத் தேதி பல முறை மாறியது. தண்ணீரைக் காக்க வந்த நல்ல சட்டம் அது. ஆனால் நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போனது.

நெல் அறுத்த பிறகு அதே வயலில் கோதுமை விதைக்க வேண்டும். நவம்பர் முதல் பாதிக்குள் விதைத்தால்தான் விளைச்சல் நன்றாக இருக்கும். நடுவே கிடைப்பது 15, 20 நாட்கள்தான்.

ஆட்கள் கையால் அறுத்த காலத்தில் தாளை அடியோடு அறுத்தார்கள். இப்போது அறுவடை இயந்திரம் கதிரை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அடித்தாள் வயலில் நிற்கிறது. வைக்கோல் சிதறிக் கிடக்கிறது. அதை அப்புறப்படுத்த ஆள் வேண்டும், இயந்திரம் வேண்டும், டீசல் வேண்டும். ஒரு தீக்குச்சி போதும் என்று தோன்றுவது அப்போதுதான்.

ஆனால் அந்தத் தீக்குச்சிக்கும் விலை உண்டு. ஒரு டன் வைக்கோல் எரிந்தால் ஏறத்தாழ ஐந்தரை கிலோ தழைச்சத்து காற்றோடு போகிறது. மண்ணில் உள்ள நல்ல உயிர்கள் சூட்டில் சாகின்றன. முதல் புகையை மூச்சில் இழுப்பதும் அந்த விவசாயியின் குடும்பம்தான். டில்லிக்குப் புகை மறுநாள் வரும். பக்கத்து வீட்டுத் தொட்டிலுக்கு அப்போதே வந்துவிடும்.

தண்டனையும் உண்டு. 2024 நவம்பரில் மத்திய அரசு தண்டத் தொகையை இரண்டு மடங்காக்கியது. இரண்டு ஏக்கருக்குக் குறைவான நிலம் உள்ளவருக்கு 5,000 ரூபாய். இரண்டு முதல் ஐந்து ஏக்கர் வரை 10,000 ரூபாய். ஐந்து ஏக்கருக்கு மேல் 30,000 ரூபாய்.

வழியும் இருக்கிறது. தாள் நிற்கும் வயலிலேயே கோதுமை விதைக்கும் 'ஹேப்பி சீடர்' என்னும் இயந்திரம் உள்ளது. அதை உருவாக்குவதில் லூதியானா வேளாண் பல்கலைக்கழகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 2018 முதல் இப்படிப்பட்ட இயந்திரங்களுக்கு அரசு மானியம் கொடுத்து வந்தது. வைக்கோலைக் கட்டுகளாகக் கட்டி மின் நிலையத்துக்கும் தொழிற்சாலைக்கும் விற்பவர்களும் உண்டு. ஆனால் இயந்திரம் உரிய நாளில் சிறு விவசாயியின் வயலுக்கு வந்து சேர வேண்டும். வராவிட்டால் மானியம் ஏட்டில்தான் இருக்கும்.

குறைந்தது தீயா, கணக்கா?

இப்போது அந்த ஒன்றரை மணிக்கு வருவோம்.

பஞ்சாபில் 2021 அறுவடைக் காலத்தில் செயற்கைக்கோள் கண்ட தீப்புள்ளிகள் 71,000-க்கு மேல். 2024-இல் அது 11,000-க்கும் சற்றுக் குறைவு. கேட்பதற்கு மகிழ்ச்சியாக இருக்கிறது அல்லவா? ஏழு பங்கில் ஆறு பங்கு தீ குறைந்துவிட்டது போலத் தெரிகிறது.

ஆனால் சிலருக்குச் சந்தேகம் வந்தது. தீ இவ்வளவு குறைந்தால் புகையும் அதே அளவு குறைய வேண்டும். புகை அப்படிக் குறையவில்லையே!

நாசாவின் ஆய்வு மையத்தில் பணிபுரிந்த விஞ்ஞானி ஹிரேன் ஜேத்வா 2024 அக்டோபரில் இதை ஆராய்ந்தார். தென் கொரியாவின் ஒரு செயற்கைக்கோள் ஒரே இடத்தில் நின்று பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கிறது. அதன் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தார். பகல் ஒன்றரை மணிக்குக் கொஞ்சம் புகைதான். மாலை நாலு மணிப் படத்தில் அடர்த்தியான புகை! தாழ்வாகப் பறக்கும் செயற்கைக்கோள் போன பிறகு வயல்கள் எரிந்திருக்கின்றன.

பகல் காவலர் போன பிறகு நடந்தது கணக்கில் வரவில்லை. எல்லாரும் இப்படிச் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. இயந்திரம் வாங்கி, எரிப்பதை உண்மையாகவே விட்டவர்களும் நிறையப் பேர். ஆனால் புள்ளிகளை மட்டும் எண்ணினால் யார் விட்டவர், யார் நேரத்தை மாற்றியவர் என்று தெரியாது.

இதற்கும் ஒரு வழி கண்டார்கள். தீ அணைந்துவிடும், ஆனால் எரிந்த வயல் கருப்பாகவே கிடக்கும். மறு நாளோ அதற்கு அடுத்த நாளோ வரும் செயற்கைக்கோளுக்கு அந்தக் கருப்பு தெரியும். எத்தனை தீ என்று எண்ணுவதோடு எத்தனை ஏக்கர் கருகியது என்றும் அளந்தால் உண்மை வெளியே வரும்.

கணக்கைக் குறைப்பது வேறு, புகையைக் குறைப்பது வேறு. இருமுகிற குழந்தைக்குக் கணக்கு தெரியாது. அதன் மார்புக்குப் புகை மட்டும்தான் தெரியும்.

நகரத்தின் பங்கு என்ன?

முதல் கேள்விக்கு வருவோம். டில்லியில் இருப்பது யாருடைய புகை?

இரண்டு பேருடையதும்தான். வயல் எரியும் காலத்தில் காற்று நேராக வீசும் சில நாட்களில், டில்லியின் நுண்தூசியில் நூற்றுக்கு 30 பங்குக்கு மேல் வயல் புகை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். காற்று திசை மாறிய நாட்களில் அது ஐந்து பங்குக்கும் கீழே போயிருக்கிறது. மீதி எல்லாம் வண்டிப் புகை, தொழிற்சாலைப் புகை, கட்டடத் தூசி, குப்பை எரிக்கும் புகை. டிசம்பர், ஜனவரியில் நெல் வயல் எதுவும் எரிவதில்லை. அப்போதும் டில்லி மூச்சுத் திணறுகிறது. குளிர்ந்த காற்று தரையோடு படிந்து, புகையை மேலே போக விடாமல் மூடி போட்டுவிடுகிறது.

ஆகவே விவசாயியை மட்டும் குற்றம் சொல்வது நியாயம் அல்ல. விவசாயிக்குப் பங்கே இல்லை என்பதும் உண்மை அல்ல.

புழுதியும் காட்டுத்தீயும்

புகை போலவே புழுதியும் தொலைதூரம் பயணம் செய்யும். 2022 ஜனவரியில் மேற்கே பாகிஸ்தான் பக்கமிருந்து கிளம்பிய புழுதி அரபிக் கடலைத் தாண்டி குஜராத்துக்கும் மும்பைக்கும் வந்தது. மும்பையில் நிறுத்தி வைத்த வண்டிகள் மேல் வெள்ளைத் தூள் படிந்தது. அந்தப் புழுதி கடல் மேல் வந்த பாதை செயற்கைக்கோள் படத்தில் தெரிந்தது.

சில புழுதி உயிரையும் எடுக்கும். 2018 மே 2-ஆம் தேதி இரவு ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் பெரும் புழுதிப்புயல் அடித்தது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பலர் தூக்கத்தில் இருந்தார்கள். சுவரும் கூரையும் மரமும் அவர்கள் மேல் விழுந்தன. எச்சரிக்கை உரிய நேரத்தில் வீட்டு வாசலுக்கு வந்து சேர்வது எவ்வளவு முக்கியம் என்பதை அந்த இரவு காட்டியது.

காட்டுத்தீக்கு இப்படி ஓர் ஏற்பாடு நம் நாட்டில் இருக்கிறது. டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் மூலம் காட்டுத்தீயைக் கண்டு எச்சரிக்கை அனுப்பி வருகிறது. செயற்கைக்கோள் தரும் செய்தியை ஐதராபாத் அருகே சாத்நகரில் உள்ள நிலையம் பெறுகிறது. தீ எந்த மாநிலம், எந்த மாவட்டம், எந்தக் காட்டுப் பகுதி என்று கணக்கிட்டு வனத்துறையினரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி போகிறது. பொதுமக்களும் பெயரைப் பதிவு செய்து அதைப் பெறலாம்.

உத்தரகண்ட் மலைகளில் கோடையில் பைன் மரத்தின் ஊசி இலைகள் உதிர்ந்து மெத்தை போலக் கிடக்கும். ஒரு பீடித் துண்டு போதும். 2016-லும் 2024-லும் அங்கே பெரும் தீ பரவியது. ஹெலிகாப்டரில் ஏரித் தண்ணீரை மொண்டு ஊற்றினார்கள். 2024 ஜூனில் அல்மோரா மாவட்டத்தின் பின்சர் சரணாலயத்தில் தீயை அணைக்கப் போன வனப் பணியாளர்கள் சிலர் உயிர் இழந்தார்கள்.

செயற்கைக்கோள் தீயைக் காட்டும். அணைக்காது. அணைப்பவர்கள் மனிதர்கள்தான்.

அதனால் முடியாதவை

செயற்கைக்கோளுக்கு வேறு குறைகளும் உண்டு. மேகம் மூடினால் கீழே உள்ளது தெரியாது. புகை இரண்டு கிலோமீட்டர் மேலே மிதக்கிறதா, நம் மூக்கருகே இருக்கிறதா என்று சாதாரணப் படத்தில் தெரியாது. அதற்காக லேசர் ஒளி பாய்ச்சிப் பார்க்கும் கலிப்சோ என்ற செயற்கைக்கோளை 2006-இல் அனுப்பினார்கள். அது 2023 வரை வேலை செய்தது.

ஆகவே தரையிலும் கருவி வேண்டும். பல நகரங்களில் காற்றை அளக்கும் நிலையங்கள் உள்ளன. அவை காற்றுத் தர எண் என்று ஓர் எண்ணைச் சொல்கின்றன. அதைப் படிப்பது எளிது.

0 முதல் 50 வரை: நல்ல காற்று.
51 முதல் 100 வரை: பரவாயில்லை.
101 முதல் 200 வரை: நடுத்தரம். ஆஸ்துமா உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.
201 முதல் 300 வரை: மோசம்.
301 முதல் 400 வரை: மிக மோசம்.
401 முதல் 500 வரை: கடுமை. நல்ல உடல் உள்ளவரையும் பாதிக்கும்.

எண் 300-ஐத் தாண்டிய நாளில் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் முதியவர்களையும் வெளியே அதிகம் விடாதீர்கள். அதிகாலையில் ஓட்டமும் கடும் வேலையும் வேண்டாம். முந்தானையோ துண்டோ இந்த நுண்துகளைத் தடுக்காது. என்-95 என்ற முகக்கவசம் தடுக்கும். குப்பையை எரிக்காதீர்கள். மூச்சுத் திணறினால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

படிக்கத் தெரிந்தவர் கையில்

36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு கருவி படம் எடுக்கிறது. அறிஞர்கள் அதைக் கணக்கிடுகிறார்கள். கடைசியில் அது என்ன ஆகிறது? ஒரு கைப்பேசியில் இரண்டு வரிச் செய்தி ஆகிறது. ஓர் எண் ஆகிறது.

அந்த இரண்டு வரியைப் படிக்கத் தெரிந்த தாய் தன் குழந்தையை அன்று வீட்டுக்குள் வைத்துக்கொள்வார். படிக்கத் தெரியாதவருக்கு அது வெறும் மணி ஓசை. கோடிக்கணக்கான ரூபாய் செலவழித்து அனுப்பிய கருவியின் பயன், அந்த இடத்தில்தான் கிடைக்கிறது அல்லது நின்று போகிறது.

இந்தப் பக்கத்தைப் படித்து முடித்த நீங்கள் அந்த இரண்டு வரியையும் படிப்பீர்கள். பக்கத்து வீட்டில் படிக்கத் தெரியாதவர் இருந்தால் அவருக்கும் படித்துச் சொல்லுங்கள்.

பேசிப் பார்ப்போம்:

1. செயற்கைக்கோள் போன பிறகு வயலை எரித்தால் யாருக்கு லாபம்? யாருக்கு நட்டம்?
2. சிறு விவசாயி எரிக்காமல் இருக்க முதலில் தேவை தண்டனையா, இயந்திரமா?
3. காற்று மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், 300 கிலோமீட்டர் வர எத்தனை மணி நேரம் ஆகும்?
4. உங்கள் பகுதியில் புகை எங்கிருந்து வருகிறது? அதைக் குறைக்க யாரிடம் பேச வேண்டும்?